பாம்பன் முதல் அரிச்சல்முனை வரை

ராமேசுவரம் அமைந்திருக்கும் பாம்பன் தீவுதான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தீவு. பரப்பு சுமார் 67 சதுர கிலோமீட்டர். மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவான சிசிலியின் பரப்போ 25,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் பழைய கோயில் இடிபாடுகள், கடற்கரை, எரிமலை, மீன் சாப்பாடு என்று ஒரு வாரத்தைக் கழித்துவிட்டு, போதவில்லை என்றுதான் திரும்புகிறார்கள். பாம்பனில் எரிமலை இல்லை; மற்றதெல்லாம் சிறு அளவில் உண்டு. ஆனால் மங்கலம்பேட்டை, விருத்தாசலம் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வருகிற குடும்பங்கள் திதி கொடுத்து, தீர்த்தமாடி, தனுஷ்கோடியில் படம் எடுத்துக்கொண்டு அன்று மாலையே வண்டி ஏறிவிடுகின்றன. இந்தத் தீவுக்கு இரண்டு முழு நாளாவது வேண்டும்.

ரயிலில் வருவோருக்குச் சென்னையிலிருந்து விருத்தாசலம், திருச்சி வழியாக ஓடும் சேது எக்ஸ்பிரஸ் வசதியானது. இரவு வண்டி என்பதால் பாம்பன் ரயில் பாலத்தைக் கடப்பது இருட்டில்தான். அதனால் பாலத்தைப் பார்க்க, பகலில் ஒருமுறை சாலைப் பாலத்துக்கு வரவேண்டும். 1988இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலத்தின் மேலிருந்து இரண்டு ரயில் பாலங்களும் தெரியும். பழையது 1914இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, இரு கைகளும் மேலே எழும். அதில் ரயில் ஓட்டம் 2022 டிசம்பரில் நின்றது. புதியது 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு பிளப்பதில்லை. அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். இந்தியாவில் இந்த வகைக் கடல் பாலம் இதுவே முதல்.

ராமநாதசுவாமி கோயில் பன்னிரண்டு ஜோதிர்லிங்கத் தலங்களில் ஒன்று. சீதை மணலில் பிடித்த ராமலிங்கம், அனுமன் கொண்டுவந்த விசுவலிங்கம் என இரண்டு லிங்கங்கள். அனுமன் கொண்டுவந்ததற்கே முதல் பூசை. கோயிலுக்குக் கிழக்கே கடலில் உள்ள அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு, உள்ளேயிருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளியால் இறைத்து ஊற்றச் சொல்லி நனைவது மரபு. ஈரத்துணி மாற்றிய பிறகுதான் சன்னதி. கூட்ட நாளில் இதற்கே அரை நாள் போய்விடும். நனைந்த அவசரத்தில் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவது மூன்றாம் பிராகாரத்தை. சேதுபதி மன்னர்கள் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் முடிந்த அந்த நெடும் பிராகாரத்தில் 1,212 தூண்கள். மதியக் கூட்டம் வருவதற்கு முன் ஒரு மூலையில் நின்று அதன் நீளத்தைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒருமுறை உள்ளே போகலாம்.

ஊருக்குள் மற்ற இடங்கள் ஆட்டோவில் சுற்றிவிடக் கூடியவை. தீவின் உயரமான மணல்மேடான கந்தமாதன பர்வதத்தில் ராமர் பாதம். அங்கிருந்து தீவு முழுவதும் பச்சையும் நீலமுமாகத் தெரியும். பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த வீடு காட்சியகமாக இருக்கிறது. பேய்க்கரும்பில் அவருடைய நினைவிடம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. ஆதமின் பிள்ளைகள் அடங்கிய இடமென்று நம்பப்படும் ஆபில் காபில் தர்காவும் ராமேசுவரத்தில்தான். தங்கச்சிமடம் அருகே வில்லூண்டி தீர்த்தத்தில், சுற்றிலும் உப்புக் கடல் இருக்க, நடுவே ஒரு கிணற்றில் நல்ல தண்ணீர்.

தனுஷ்கோடி, ராமேசுவரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 1914 முதல் ஐம்பது ஆண்டுகள் இது ஒரு துறைமுக ஊர். சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு சென்றார்கள். சிசிலிக்கு இன்றும் ரோமிலிருந்து வரும் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி மெசினா நீரிணையைக் கடத்துகிறார்கள்; அது சுமார் 3 கிலோமீட்டர் அகலம்தான். இங்கே கடக்க வேண்டிய கடல் அதைப் போலப் பத்து மடங்கு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடியை மட்டும், மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு கைவிட்டுவிட்டது.

ஆனாலும் மீனவக் குடும்பங்கள் கீற்றுக் குடிசை போட்டுக்கொண்டு திரும்பின. மாதா கோயிலின் சுவர்கள், ரயில் நிலையத்தின் எச்சங்கள், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் நடுவே இன்று சங்குக் கடைகளும் மீன் வறுவல் கடைகளும். 2017 வரை மணலிலும் சேற்றிலும் வாடகை வேனில் குலுங்கித்தான் வரமுடிந்தது. இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. வசதிதான், ஆனால் எல்லோரும் முனைக்கே நேராக ஓடிவிடுவதால் இடிபாடுகளில் நிற்பவர் குறைந்துவிட்டார்கள். மாலையில் போலீசார் கூட்டத்தை முனையிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையில் போவதே நல்லது. வழியில் உள்ள கோதண்டராமர் கோயில் அந்தப் புயலிலும் நின்றது. விபீடணன் ராமனை அடைந்த இடம் என்பது தலபுராணம்.

முனையில் நின்றால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும், அலை அதிகமுள்ள தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். உண்மையில் காற்றுதான் இதை முடிவு செய்கிறது. கோடையிலும் ஆடியிலும் கச்சான் காற்று வீசும்போது தெற்குக் கடல் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் வடக்குக் கடலும் சீறும். எந்தப் பருவமானாலும் முனையில் இறங்கிக் குளிப்பது ஆபத்து, நீரோட்டம் இழுத்துவிடும். காற்று பலமாக இருப்பதால் தீவில் கைட் சர்ஃபிங் கற்றுத்தருவோரும் உண்டு. குளிர்காலத்தில் தனுஷ்கோடி உப்பங்கழியில் பூநாரைகள் வந்திறங்கும். அந்தப் பகுதி 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

தீவின் தென்மேற்கு மூலையில் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விவேகானந்தர் இறங்கிய கரை. நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. பவளப்பாறைக்கும் கடற்புல்லுக்கும் பேர்போன இந்தப் பகுதிக்கு விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறார்கள். தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

கோயிலைச் சுற்றிலும் சைவச் சாப்பாடு. மீன் குழம்புக்குப் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போகவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது நாட்டுப் படகு மீன்தான், விலையும் ஏறியிருக்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சுற்றிப் பார்க்க ஏற்றவை. அமாவாசை நாட்களைத் தவிர்த்தால் அறையும் கிடைக்கும், தீர்த்தத்தில் வரிசையும் குறையும். கடைகளில் சிப்பி மாலை, பனைவெல்லம், ஓலைப்பெட்டி வாங்கலாம். பவளத்துண்டு யாராவது நீட்டினால் வாங்கக்கூடாது; வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.