அன்றன்றைக்குரிய அப்பம்

கிறிஸ்தவ மக்கள் நாள்தோறும் சொல்லும் பரமண்டல ஜெபத்தில், உடலின் தேவையைக் குறித்த விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். அது அன்றைய உணவுக்கான வேண்டுதல். இறைவனுடைய நாமம், அரசு, சித்தம் ஆகியவற்றைப் பற்றிய விண்ணப்பங்களுக்குப் பின்னும், பாவ மன்னிப்பைக் கோரும் விண்ணப்பத்துக்கு முன்னும் அது நிற்கிறது. பசியைப் பற்றி இறைவனிடம் பேசுவது இழிவென்று இயேசுநாதர் கருதவில்லை.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்திலும் லூக்கா 11-ஆம் அதிகாரத்திலும் அவ்வுணவுக்கு அடைமொழியாக நிற்கும் கிரேக்கச் சொல் 'எபியூசியோஸ்' என்பது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களை நெடுங்காலமாகத் திகைக்க வைத்த சொல் இது. கற்றோர் நூலிலும் மற்றோர் பேச்சிலும் காணப்படாத இதனைச் சுவிசேஷகர்களே ஆக்கிக்கொண்டனர் போலும் என்று 3-ஆம் நூற்றாண்டு அறிஞரான ஒரிகன் கருதினார். லத்தீன் வேதத்தைச் செப்பனிட்ட ஜெரோம், லூக்காவில் இதற்கு 'அன்றாட' என்ற பொருளைக் கொடுத்தார். மத்தேயுவிலோ 'பொருள்களுக்கு மேற்பட்ட' என்ற பொருளைத் தந்தார். எகிப்தில் ஹவாரா என்னுமிடத்தில் கிடைத்து, 1889-இல் அச்சான செலவுக் கணக்கு ஏடு ஒன்றில் இச்சொல் இருப்பதாகச் சிலர் மகிழ்ந்ததுண்டு. காணாமற்போன அந்த ஏடு 1998-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மீண்டும் அகப்பட்டது. கூர்ந்து நோக்கியபோது, அங்கே எழுதியிருந்தது 'எண்ணெய்' என்ற சொல்லே எனத் தெளிவாயிற்று!

அகராதி கைகொடாத இடத்தில் வேதமே நமக்கு உரையாசிரியராகிறது. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வனாந்தரத்தில் பசித்த இஸ்ரவேலருக்கு மன்னா என்னும் உணவு காலைதோறும் கிடைத்தது. ஆளுக்கு ஓர் ஓமர் என்பது அளவு. மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தவர்களுடைய பங்கு புழுத்து நாறிற்று. ஓய்வு நாளுக்காக ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்ததோ கெடவில்லை. ஆகவே, சேமிப்பு என்பதே அங்கே குற்றமன்று. நாளைக்கும் தருபவர் அவரே என்பதை மறந்த அச்சமே குற்றமாயிற்று.

அக்காலத்துக் கூலியாளின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழைத் தொழிலாளியின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அன்று மாலை கூலி வந்தால்தான் அன்று இரவு அடுப்பு எரியும். மத்தேயு 20-ஆம் அதிகாரத்து உவமையில், மாலைப்பொழுதில் வேலைக்கு வந்தவனுக்கும் திராட்சத் தோட்டத்து எஜமான் முழுநாட் கூலியையே கொடுத்தான். ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் ஒரு நாளைய பசி உண்டல்லவா?

அப்படியானால், மாதச் சம்பளம் பெற்று, பானையில் அரிசியை நிரப்பி வைத்திருப்பவர் இந்த ஜெபத்தைச் சொல்வதில் பொருள் உண்டா என்று நேயர்கள் வினவலாம். உண்டு. அத்தகையோருக்கு இந்த விண்ணப்பத்தின் பாரம் 'இன்று' என்ற சொல்லில் மட்டும் இல்லை. 'எங்களுக்கு' என்ற சொல்லிலும் இருக்கிறது. 'எனக்கு' என்று கேட்க இயேசுநாதர் கற்பிக்கவில்லை. உண்டு முடித்தவரும் உண்ணாதவருக்காகச் சேர்ந்து கேட்கும் ஜெபம் இது. கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது தகுமா? பசித்தவனை நோக்கி வயிறார உண்பாயாக என்று வாழ்த்தி, ஒன்றும் கொடாமல் அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார்.

களஞ்சியத்தைப் பற்றியும் வேதம் இருவகையாகப் பேசுகிறது. எகிப்தில் ஏழாண்டு விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்து வைத்த யோசேப்பு, பஞ்ச காலத்தில் பலருடைய உயிரைக் காத்தான். லூக்கா 12-ஆம் அதிகாரத்துச் செல்வனோ தன் ஒருவனுக்காகவே களஞ்சியத்தைப் பெரிதாக்க எண்ணினான். அன்றிரவே அவன் உயிர் பிரிந்தது. இருவரும் சேர்த்தவர்களே; யாருக்காக என்பதில்தான் வேற்றுமை.

எருசலேமில் வறுமையுற்ற விசுவாசிகளுக்காகப் பொருள் திரட்டிய பவுல், கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் மன்னாவின் வரலாற்றையே எடுத்துக்காட்டினார். வனாந்தரத்தில் அதிகம் பொறுக்கியவருக்கும் மிஞ்சவில்லை. கொஞ்சம் பொறுக்கியவருக்கும் குறையவில்லை. அங்கே ஓமர் அளவு செய்த சமன்பாட்டை, இங்கே மனமுவந்த ஈகை செய்ய வேண்டும் என்பது அவருடைய கருத்து.

எனவே, காலையில் இந்த ஜெபத்தைச் சொல்பவர், தமக்குக் கிடைத்துள்ள உணவில் பிறருடைய விண்ணப்பத்துக்கான விடையும் கலந்திருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வது நலம். நம் வீட்டில் வேலை செய்பவரின் கூலியை நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே கொடுப்பதும் அந்த ஜெபத்தின் ஒரு பகுதியே.