இன்ஜினை எங்கே வைக்கிறது?



புதுச்சேரி லாஸ்பேட்டை பக்கம் போனவங்க விமானம் இறங்குவதைப் பார்த்திருப்பீங்க. 2024 டிசம்பரில் இங்கிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஏ.டி.ஆர். 72 என்ற விமானம் ஓடத் தொடங்கியது. அதில் இன்ஜினும் காத்தாடியும் றெக்கையில் இருக்கும். அந்த றெக்கையோ உடம்புக்கு மேலே, கூரை மாதிரி இருக்கும்.

ஏன் அப்படி? காத்தாடியின் குறுக்களவு சுமார் 13 அடி! றெக்கை கீழே இருந்தால் காத்தாடி தரையில் இடிக்கும். இடிக்காமல் இருக்கணும்னா சக்கரக் கால்களை ரொம்ப நீளமாக வைக்கணும். அதுவும் எடைதானே? இன்னொரு லாபமும் உண்டு. காத்தாடி தள்ளுகிற காற்று றெக்கை மேல் வேகமாகப் பாயும். அதனால் மெதுவாகப் போகும்போதும் தூக்குவிசை கிடைக்கும். நம்ம ஓடுபாதை 1500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானத்துக்கு அது பத்தாது. ஏ.டி.ஆருக்குப் போதும்.

சரி, இன்ஜினை வால் பக்கம் வைத்தால்? பெங்களூரு விஞ்ஞானிகள் செய்த 'சரஸ்' அப்படிப்பட்ட விமானம். 2004 மே 29 அன்று முதன்முதலில் பறந்தது. இன்ஜின் பின்னால் இருப்பதால் உள்ளே சத்தம் குறையும். ஆனால் பின்பக்கம் கனம் கூடும். அதனால் றெக்கையையும் பின்னுக்குத் தள்ளணும். வாலின் சின்ன றெக்கையை உச்சியில் தூக்கி வைக்கணும். ஒண்ணை நகர்த்தினால் எல்லாமே நகரணும்!

இது சின்ன விஷயம் இல்லை. போயிங் 737 மேக்ஸ் விமானத்துக்குப் பெரிய இன்ஜின் மாட்டினார்கள். றெக்கைக்குக் கீழே இடம் பத்தவில்லை. அதனால் முன்னாலும் மேலேயும் நகர்த்தி வைத்தார்கள். அதனால் சில சமயம் மூக்கு அளவுக்கு மேல் தூக்கப் பார்த்தது. அதை அமுக்க ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்தார்கள். ஒரே ஒரு உணர்கருவி தப்பாகச் சொன்னதை நம்பி, அது மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அமுக்கியது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் இரண்டு விமானங்கள் விழுந்தன. மொத்தம் 346 பேர் இறந்துபோனார்கள். முதல் விமானத்தின் கேப்டன் நம்ம நாட்டுக்காரர்.

நீங்களே செய்து பாருங்க: காகித விமானத்தின் மூக்கில் ஒரு ஜெம் கிளிப் மாட்டி விடுங்க. நேராகப் போகும். அதே கிளிப்பை வாலில் மாட்டுங்க. மூக்கைத் தூக்கிக்கிட்டுப் புரண்டு விழும். கிளிப் அதேதான், காகிதமும் அதேதான். மாறினது இடம் மட்டும்தான்!