வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற இயந்திரம் எது?

வீட்டின் ஒரு மூலையில் சிறியதொரு பட்டறை அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் விருப்பம் நம் நாட்டில் பலருக்கு உண்டு. ஆலையிலும் ரயில்வே பட்டறையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், பழைய மோட்டார் சைக்கிளைத் தம் கையாலேயே செப்பனிட விரும்புகிறவர்கள், நீராவி எஞ்சின்களின் சிறு மாதிரிகளைச் செய்து ஓட்டிப் பார்ப்பதில் இன்பம் காண்பவர்கள் ஆகிய பலரும் இதில் அடங்குவர். இவர்கள் அனைவரும் முதற்படியிலேயே சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. கடைதல், மில்லிங், துளையிடுதல் ஆகிய மூன்று வேலைகளையும் செய்யவல்ல ஒரே கூட்டு இயந்திரத்தை வாங்குவதா? அன்றி, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இயந்திரம் வாங்குவதா?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஓய்வு பெறும்போது ஒருமுறை கைக்கு வரும் தொகையிலிருந்து இதற்கெனப் பணத்தை ஒதுக்குகிறவருக்கும், இரண்டே அறைகள் உள்ள வீட்டில் பாதி அறையை இதற்கு விட்டுக்கொடுக்கும் குடும்பத்துக்கும் இது சிறு கேள்வி அன்று. தவறான இயந்திரத்தை வாங்கியவர் பணத்தை மட்டுமல்லாமல், நாளடைவில் ஊக்கத்தையும் இழந்துவிடுகிறார். இயந்திரம் துணியால் மூடப்பட்டுத் துருப்பிடிக்கிறது. அதனுடன் கைத்திறனும் துருப்பிடிக்கிறது. ஆதலின் இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

கூட்டுக் கருவி என்பது நமக்குப் புதிதன்று. நம் சமையலறையில் உள்ள அரிவாள்மனையைப் பாருங்கள். அதன் அலகு காய் நறுக்குகிறது. நுனியிலுள்ள பல் தேங்காய் துருவுகிறது. பல தலைமுறைகளாக இக்கூட்டு நமக்கு நன்றாகவே பயன்பட்டு வருகிறது. காரணம் என்ன? தேங்காய் துருவுவதற்கு வேண்டிய விசை, காய் நறுக்கும் அலகின் அமைப்பை எவ்விதத்திலும் கெடுப்பதில்லை. ஒரு வேலை மற்றொரு வேலையிடமிருந்து எதையும் பறித்துக்கொள்வதில்லை. கூட்டுக் கருவி ஒன்று நல்லதா, அல்லதா என்பதை அறிய இதுவே உரைகல்லாகும்.

இந்த உரைகல்லில் உலோக இயந்திரங்களை உரைத்துப் பார்க்குமுன், அவை பிரிந்து வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1800-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லி என்பவர், திருகுப் புரிகளைத் துல்லியமாக வெட்டும் லேத்து ஒன்றைச் செய்தார். அது இன்றும் இலண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மில்லிங் இயந்திரமோ, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் உருப்பெற்றது. பெருந்தொழில் வளர வளர, ஒரு வேலைக்கு ஓர் இயந்திரம் என்பதே ஆலைகளின் நியதியாயிற்று. நம் நாட்டிலும் 1953-இல் பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, லேத்துகளைத் தனி இயந்திரமாகவே செய்யத் தொடங்கினர். பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் முதலிய ஊர்களின் சிறு தொழிற்சாலைகளும் பெரும்பாலும் இவ்வழியிலேயே சென்றன.

வீட்டுப் பட்டறையின் போக்கு வேறு. இங்கிலாந்தில் 1898-இல் தொடங்கப்பட்ட ‘மாடல் எஞ்சினியர்’ என்னும் பத்திரிகையைப் படித்து வளர்ந்தவர்களிடம் பெரும்பாலும் ஒரே ஒரு லேத்துதான் இருந்தது. 1946-இல் வெளிவந்த மைஃபோர்டு எம்.எல்.7 என்னும் லேத்தின் மைய உயரம் மூன்றரை அங்குலமே. அதன் குறுக்குச் சறுக்கியின்மீது, மேலும் கீழும் நகரும் மற்றொரு சறுக்கியைப் பூட்டி, அதில் வேலைப்பொருளைப் பிடித்து, சுழலியில் வெட்டுக் கருவியை மாட்டி, மில்லிங் வேலையையும் அவர்கள் ஒருவாறு செய்துகொண்டனர். 1950-களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூனிமாட் என்னும் சிற்றியந்திரம் இன்னும் ஒரு படி சென்றது. அதன் தலைப்பகுதியைக் கழற்றி, நிமிர்ந்த ஒரு தூணில் பொருத்தினால், லேத்தே துளையிடும் இயந்திரமாகவும் மில்லிங் இயந்திரமாகவும் மாறிவிடும். இன்று சந்தையில் காணப்படும் கூட்டு இயந்திரங்கள் பலவற்றில், லேத்துக்கு மேலாகவோ பின்புறமாகவோ ஒரு தூண் நின்று, அதில் மில்லிங் தலை தனியே அமைந்திருக்கிறது.

இனி உரைகல்லுக்கு வருவோம். லேத்தில் வேலைப்பொருள் சுழல்கிறது. கருவி அசையாமல் நின்று உலோகத்தைச் சீவுகிறது. வெட்டு இடையறாது நிகழ்கிறது. விசையின் பெரும்பகுதி கருவியைக் கீழ்நோக்கி அழுத்துவதால், இயந்திரத்தின் படுகை அதைத் தாங்கிக்கொள்கிறது. மில்லிங்கில் நிலைமை இதற்கு நேர்மாறானது. கருவி சுழல்கிறது, அதன் ஒவ்வொரு பல்லும் உலோகத்தில் புகுந்து வெளியேறும்போது ஓர் அடி விழுகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள், அதுவும் பக்கவாட்டில் விழுகின்றன. இவ்வடிகளைத் தாங்குவதற்குத் தடித்த தூணும், கனத்த மேசையும், தளர்ச்சியற்ற திருகுகளும் வேண்டும். அடி தாங்காத அமைப்பு அதிரும். அதிர்ந்தால் உலோகத்தின் முகத்தில் அலையலையாகத் தழும்புகள் விழும். கருவியின் பல்லும் உடையும்.

அமைப்பின் விறைப்பு எத்துணை முக்கியம் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு தண்டின் ஒரு முனையை இறுகப் பிடித்து மறுமுனையை அழுத்தினால், அது வளையும் அளவு அதன் நீளத்தின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்கும் கருவியை 40 மில்லிமீட்டர் நீட்டினால், வளைவு இரண்டு மடங்கன்று, எட்டு மடங்காகும். உருண்டைத் தண்டின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தாலோ, வளைவு பதினாறு மடங்காகும். கூட்டு இயந்திரத்தின் மெல்லிய தூணும், அதிலிருந்து நீண்டு நிற்கும் தலையும் ஏன் அதிர்கின்றன என்பதற்கு இக்கணக்கே விடை.

அடுத்து, இரு வேலைகளும் ஒன்றிடமிருந்து ஒன்று பறித்துக்கொள்ளும் இடத்தைக் காண்போம். கூட்டு இயந்திரத்தில் லேத்தின் குறுக்குச் சறுக்கியே மில்லிங் மேசையாகவும் பயன்படுகிறது. மேசைக்கென அதைத் தடிப்பாகவும் அகலமாகவும் அமைக்க வேண்டியிருப்பதால், லேத்தின் மைய உயரமும் கூட்டப்படுகிறது. பெரிய விட்டமுள்ள பொருளைச் சுழற்றலாம் என்று விளம்பரம் கூறும். ஆனால் அப்பெரிய பொருளைக் கடைவதற்கு வேண்டிய கனமும் விசையும் அதே அளவில் கூடியிருப்பதில்லை. மில்லிங் பக்கத்திலோ, மேசை உயர்வதும் தாழ்வதும் இல்லை. தலையைத்தான் இறக்க வேண்டும். தூண் உருண்டையாயின், தலையைத் தளர்த்தி உயர்த்தியவுடன் அது சிறிது திரும்பிவிடும். முன்பு அரும்பாடுபட்டு அமைத்த நிலை போய்விடும்.

வேகத்தின் கதையும் இத்தகையதே. அதிவேக எஃகுக் கருவியைக் கொண்டு மென்னெஃகை வெட்டும்போது, வெட்டு வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் எனக் கொள்வது வழக்கம். இதன்படி 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டைக் கடைய, சுழலி நிமிடத்துக்கு 64 சுற்றே சுற்ற வேண்டும். 6 மில்லிமீட்டர் மில்லிங் கருவிக்கோ ஏறக்குறைய 1,600 சுற்று வேண்டும். ஒரே மோட்டாரும் ஒரே சுழலியும் இவ்விரு எல்லைகளையும் விசை குன்றாமல் எட்டுவது அரிது.

எனினும், கூட்டு இயந்திரத்தின் பெருங்குறை இவற்றுள் எதுவுமன்று. அது ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மாறும்போது நேர்வது. தில்லியில் நம் அண்டை வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர், அலுவலக வாழ்விலிருந்து ஓய்வு பெற்றதும், தலைப்பகுதியை நிமிர்த்தி வைக்கும் வகையைச் சேர்ந்த சிறு கூட்டு இயந்திரம் ஒன்றை வாங்கினார். சிறு நீராவி எஞ்சின் ஒன்று செய்து பேரனுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. உருளைக்கான வெண்கல வார்ப்புக்காக நான்கு மாதங்கள் காத்திருந்தார். அது வந்ததும் சக்கில் பிடித்து, உட்துளையை ஓரளவு குடைந்தார். முழு அளவு வருமுன், நீராவி புகும் முகத்தைச் சமப்படுத்திப் பார்க்கும் ஆவல் எழுந்தது. வார்ப்பைக் கழற்றி, தலைப்பகுதியை நிமிர்த்தி, மில்லிங் வேலையை முடித்து, மீண்டும் பழையபடி எல்லாவற்றையும் பொருத்தினார். துளையை முழு அளவுக்குக் குடையத் தொடங்கியபோது, கருவி ஒருபுறத்தை மட்டும் தொட்டது, மறுபுறத்தைத் தொடவேயில்லை. வார்ப்பின் அச்சு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. துளை வட்டமாக வேண்டுமாயின், பிஸ்டனுக்குப் பொருந்தாத அளவு பெரிதாக்கியாக வேண்டும். வார்ப்பு வீணாயிற்று.

அன்று மாலை அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். ஆனால் அவர் இயந்திரத்தை விற்றுவிடவில்லை. கடையும் வேலை அனைத்தையும் முதலில் முடிப்பது, அதன் பின்னரே தலையை நிமிர்த்துவது என்று ஒழுங்கு வகுத்துக்கொண்டார். துளையிடுவதற்கெனத் தூணுடன் கூடிய மலிவான இயந்திரம் ஒன்றைத் தனியே வாங்கினார். அதன் பிறகு தொல்லையில் பாதி குறைந்துவிட்டது என்பது அவர் வாக்கு. இரண்டாவது வார்ப்பு கெடவில்லை. இவ்வனுபவத்தில் நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

ஆகவே, வாங்க எண்ணுவோர் மூன்று கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது, நாம் செய்யப்போவது என்ன? புஷ், தண்டு, திருகு, கப்பி போன்ற உருண்டைப் பொருள்களே பெரும்பாலும் தேவையெனின், நல்ல லேத்து ஒன்றே போதும். எப்போதோ வேண்டும் சாவிப் பள்ளத்தை, மேற்சொன்ன சறுக்கியைப் பூட்டி வெட்டிக்கொள்ளலாம். தட்டையான முகங்களும் பள்ளங்களும் மிகுந்த வேலையெனின், மில்லிங் இயந்திரம் தனியே வேண்டும். இரண்டாவது, இடம் எவ்வளவு? இயந்திரம் நிற்கும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. நீண்ட கம்பி சுழலியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கவும், நாம் நின்று வேலை செய்யவும் இடம் வேண்டும். மாடி வீடாயின், எடையையும் அதைப் படியேற்றும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்துக்கே செலவிட்டுவிடுகிறோமா? சக், வைஸ், வெட்டுக் கருவிகள், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் ஆகியவை இல்லாத இயந்திரம் ஊமை. இவற்றின் செலவு நாளடைவில் இயந்திரத்தின் விலையையே எட்டிவிடுவதுண்டு.

நம் கருத்து இதுதான். இடமும் பணமும் ஓரளவேனும் இடங்கொடுக்குமாயின், முதலில் தனி லேத்து ஒன்றும் சிறு துளையிடும் இயந்திரம் ஒன்றும் வாங்குக. மில்லிங் இயந்திரத்தைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். ஒரு மேசைக்கு மேல் இடமே இல்லை, பித்தளையிலும் அலுமினியத்திலும் சிறு பொருள்களே செய்வோம், நேரம் நிறைய உண்டு என்னும் நிலையிலுள்ளோர் கூட்டு இயந்திரம் வாங்குவதில் தவறில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கும் பொருந்தும். கூட்டு இயந்திரம் பழுதுபட்டால் எல்லா வேலையும் ஒருங்கே நின்றுவிடும் என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

எதை வாங்கினும் சோதித்தே வாங்க வேண்டும். பெர்லின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர், இயந்திரங்களைச் சோதிக்கும் முறைகளை 1927-இல் நூலாக வெளியிட்டார். தொழிற்சாலைகளின் சோதனை முறைகளுக்கு அது அடிப்படையாயிற்று. அவற்றுள் சிலவற்றை நாமும் செய்யலாம். டயல் கேஜைச் சுழலியின் வாயில் தொடும்படி வைத்துச் சுழற்றினால், ஊசி எவ்வளவு ஆடுகிறது என்பது தெரியும். சக்கில் பிடித்த தடித்த கம்பியைச் சிறிது நீளம் கடைந்து, இரு முனைகளிலும் மைக்ரோமீட்டரால் அளந்தால், அது கூம்புகிறதா என்பது விளங்கும். பழைய லேத்தாயின், சக்குக்கு அருகில் சறுக்கியை ஆட்டமின்றி இறுக்கிவிட்டு, மறுகோடிக்கு நகர்த்திப் பாருங்கள். அங்கே அது இறுகி நின்றுவிட்டால், அடிக்கடி வேலை நடந்த பகுதியில் படுகை தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் 230 வோல்ட் ஒற்றைக்கட்ட மின்சாரம். ஆலையிலிருந்து மலிவாகக் கிடைக்கும் பழைய இயந்திரங்களிலோ மும்முனை மின்சாரத்துக்குரிய மோட்டார்கள் இருக்கும். மோட்டாரை மாற்றும் செலவையும், அல்லது அதற்குரிய மின்னணு மாற்றி வாங்கும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுக. எர்த் இணைப்பு இல்லாமல் எந்த இயந்திரத்தையும் ஓட்டலாகாது.

இறுதியாக ஒரு சொல். சுழலும் இயந்திரத்தின் அருகில் துண்டு, தொங்கும் சட்டைக்கை, முந்தானை, கையுறை ஆகிய எதுவும் கூடாது. சக்கை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு விசையைப் போடலாகாது. கண்ணாடி அணியாமல் கடையலாகாது. வீட்டுப் பட்டறையில் மேற்பார்வையாளர் இல்லை. நாமே தொழிலாளி, நாமே மேற்பார்வையாளர். நம் அண்டை வீட்டுப் பெரியவரின் எஞ்சின் இப்போது அவர் மேசைமீது ஓடுகிறது. தாமே கடைந்த பறிசக்கரத்தை அவர் பேரன் விரலால் சுழற்றி விடும்போது, இயந்திரம் ஒன்றா, இரண்டா என்பதைக் காட்டிலும், அதன் எல்லையை அறிந்து வேலை செய்வதே பெரிது என்பது நமக்கு விளங்குகிறது.