கரித்தூளும் குரோமோசோம் நுனியும்

காசிமேட்டில் நைலான் கயிறு அறுக்கும் மீனவர், அறுத்த நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடுவார். இல்லாவிட்டால் இழை பிரிந்துவிடும். குரோமோசோமின் நுனியில் டெலோமியர் பார்க்கும் வேலையும் அதுதான். இரண்டு தைமின், ஓர் அடினின், மூன்று குவானின் என்ற ஆறெழுத்து வரிசை அங்கே ஆயிரம் தடவைக்கு மேல் அடுக்கடுக்காக வரும். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் குறையும்; ரொம்பவும் குறைந்தால் செல் பிரிவதையே நிறுத்திக்கொள்ளும்.

டிஎன்ஏ எழுத்துகளில் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாவது குவானின். மூன்று குவானின் சேர்ந்து நிற்கும் இடத்தில் பாதிப்பு இன்னும் அதிகம். 1995-ல் தாமஸ் வான் சிக்லினிக்கி குழுவினர் மனிதச் செல்களை 40 சதவீத ஆக்சிஜனில் வளர்த்துப் பார்த்தார்கள். சாதாரணக் காற்றில் ஒரு பெருக்கத்துக்குச் சுமார் 90 எழுத்து தேய்ந்த நுனி, இதில் 500 எழுத்துக்கு மேல் தேய்ந்தது.

சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் அடைக்கலகோடீஸ்வரி, பாலசுப்ரமணியம், மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு அது. சர்க்கரை நோயாளிகள் 40 பேருக்கு டெலோமியர் பகுதியின் சராசரி நீளம் 6,010 எழுத்து. அதே வயதில் நோயில்லாத 40 பேருக்கு 9,110. நோயாளிகளிடம் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் கூடியவர்களுக்கு நுனி இன்னும் குட்டை.

காற்று மாசும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. டீசல் புகையின் நுண்துகள் நுரையீரலின் ஆழத்துக்குப் போனால், அதை விழுங்க வரும் வெள்ளையணுக்கள் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடும். இத்தாலியின் மிலான் நகரில் 77 போக்குவரத்துக் காவலர்களையும் 57 அலுவலக ஊழியர்களையும் ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வில், காவலர்களின் டெலோமியரே குட்டையாக இருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வரிசை நகரக் காத்துக்கிடக்கும் டிரெய்லர் டிரைவர் அந்தப் புகையிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்குகிறார்.

ஒரு தனி ஆளின் டெலோமியரை அளந்து ஆயுளைச் சொல்ல முடியாது. பிறக்கும்போதே நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை நம்பவும் வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதாக 1994-ல் தெரியவந்தது.

புகையையும் கரித்தூசியையும் கிளம்பும் இடத்திலேயே தடுக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்றது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்துக்கு அது நிம்மதி. நிலக்கரியோ எண்ணூருக்குப் போனது. எண்ணூர் டிரைவர்கள், அனல் மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆகியோரின் ரத்தத்தில் டெலோமியரை அளந்து, அதே வயதுள்ள அடையாறுவாசிகளோடு ஒப்பிட வேண்டும். அதற்கான கைத்திறன் இருபது ஆண்டுகளாக இந்த ஊரிலேயே இருக்கிறது.