மெருகில் மறைந்த நஞ்சு

மனிதன் கற்ற தொழில்களுள் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று மண்பாண்டத் தொழில். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களைப் போன்ற கண்மாய்ப் பாசனச் சீமைகளில், குளத்து மண்ணே குயவரின் மூலதனம். அம்மண்ணைக் குழைத்துச் சக்கரத்தில் ஏற்றி, காவி பூசி, கூழாங்கல்லால் தேய்த்துச் சூளையில் சுட்டெடுக்கும் பானையில் ஈயம் சேர்வதில்லை. ஆனால் கண்ணாடிபோல் பளபளக்கும் பாண்டங்களை வாங்குவோர் விரும்பும்போது, ஒரு பழைய பகைவன் தொழிற்கூடத்தினுள் நுழைய வழி பிறக்கிறது. அப்பகைவன்தான் காரீயம்.

நேயர்கள் முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். ‘ஈயம்’ என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆகவேண்டியது, அதனால் தீங்கில்லை. காரீயமோ நஞ்சு. மிருதாரசிங்கி, ஈயச் சிந்தூரம் என நம் நாட்டு மருந்துக் கடைகளில் அறியப்பட்டவை இக்காரீயத்தின் பொடிகளே.

குயவருக்கு இப்பொடி எதற்கு எனக் கேட்கலாம். பாண்டத்தின் மேல் கண்ணாடிப் பூச்சு உண்டாக வேண்டுமானால் மணற்சத்து உருகவேண்டும். அது தனியே உருகுவதற்கு 1,700 பாகை சென்டிகிரேட்டுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். நாட்டுச் சூளையின் வெப்பமோ ஏறக்குறைய 700 முதல் 900 பாகை வரைதான். காரீயப் பொடியைக் கலந்தால் அந்தக் குறைந்த வெப்பத்திலேயே பூச்சு உருகிப் பரவி, ஆழ்ந்த பளபளப்பைத் தருகிறது. இந்த வசதியே உலகெங்கும் குயவர்களை அதன்பால் ஈர்த்தது.

இதன் விளைவைத் தெளிவாக எழுதி வைத்தவர் இத்தாலிய மருத்துவர் இராமத்சினி. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், ஈயத்தை அரைத்துப் பூசும் குயவர்களின் கைகள் முதலில் நடுங்கிச் செயலிழப்பதையும், முகம் வெளிறுவதையும், பற்கள் உதிர்வதையும் விவரித்திருக்கிறார். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பாண்டத் தொழிற்சாலைகளிலும் இதே துன்பம் நிலவியது. 1898-இல் தார்ப், ஆலிவர் என்னும் அறிஞர்கள் அங்கு ஆராய்ந்தனர். அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, 1947-ஆம் ஆண்டின் விதிகளே கரையக்கூடிய ஈயப் பூச்சை அங்கு விலக்கின. மெக்சிகோ நாட்டிலோ ‘கிரேட்டா’ எனப்படும் ஈயப் பூச்சு குடிசைத் தொழிலில் நம் காலம்வரை நீடித்து, குயவர் குடும்பத்தாரின் இரத்தத்தில் நஞ்சாகச் சேர்ந்துள்ளது.

இந்நஞ்சு உடலினுள் செல்லும் வழிகள் இரண்டு: பொடியை அரைக்கும்போதும் சலிக்கும்போதும் எழும் தூசு மூச்சோடு செல்கிறது, கழுவாத கையால் உண்ணும்போதும், வெற்றிலை போடும்போதும், பீடி பிடிக்கும்போதும் வாய்வழியே செல்கிறது. சுண்ணச்சத்தைப் போல் வேடமிட்டு எலும்பில் குடியேறிப் பல ஆண்டுகள் அங்கேயே தங்குகிறது. கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து வெளிப்பட்டுக் கருவிலுள்ள சிசுவையும் சென்றடைகிறது.

வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், சோகை, தலைவலி, ஈறின் ஓரத்தில் நீலக் கோடு, மணிக்கட்டு தளர்ந்து தொங்குதல் ஆகியவை இதன் அடையாளங்கள். குழந்தைகளிடமோ வெளிப்படையான அடையாளம் எதுவுமின்றியே அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. இரத்தத்தில் இவ்வளவுவரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க தீங்கற்ற அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்கு அறிவிக்கவேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சையே முதலாவதாக வைத்தது. ஆயினும் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேரும், இல்லாத இடத்தில் இருபது பேரும் வேலை செய்தால்தான் அச்சட்டம் அதனைத் தொழிற்சாலை என்றது. கணவன் பாண்டம் வனைய, மனைவி வண்ணம் பூச, பிள்ளைகள் திண்ணையில் விளையாடும் குயவர் வீடு எந்தக் கணக்கிலும் சேரவில்லை. வீடே பட்டறையாகவும், பட்டறையே அடுக்களையாகவும் இருக்குமிடத்தில் தூசு யாரையும் விட்டுவைப்பதில்லை.

பொம்மைகளுக்கும் சிலைகளுக்கும் பூசும் வண்ணங்களிலும் காரீயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என 2016-இல் இந்திய அரசு விதி வகுத்தது. ஆகவே கொள்கலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவது நன்று.

பரிகாரம் அரிதன்று. ஈயமற்ற பூச்சுகள் உள்ளன. வெண்காரத்தின் சத்தாகிய போரானைக் கொண்டு குறைந்த வெப்பத்திலேயே மெருகேற்றலாம். வண்ணப் பொடியை உலர்ந்த நிலையில் சலிக்காமல் நனைத்துக் கையாள வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வேலை உடையை வீட்டினுள் கொண்டுவரலாகாது. ஐயமிருப்பின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வாங்குவோருக்கும் பொறுப்பு உண்டு. புளியும் எலுமிச்சையும் தயிரும் சரியாக வேகாத ஈயப் பூச்சைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். மிகுந்த வெப்பத்தில் சுட்ட நல்ல ஊறுகாய்ச் சாடிக்கு ஈயம் தேவையில்லை. பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போரும் கேட்பர், செய்வோரும் கேட்பர். பளபளப்பற்ற நம் பழைய மண்சட்டி எளியதுதான். எனினும் அதைச் செய்தவரையும் அதில் உண்டவரையும் அது நஞ்சூட்டியதில்லை.