சந்தைக்கு வா, தோழா!

தீபம் காண நாடே திரளும் திருவண்ணாமலையில், 1957ஆம் ஆண்டு மற்றொரு சுடரும் எழுந்தது, தோழர்களே! திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலாகத் தேர்தல் களம் கண்ட ஆண்டு அது. கட்சிக்கு அங்கீகாரம் இல்லை. சுயேச்சைகள் என்றே பட்டியலில் பெயர். ஆயினும் சட்டமன்றத்தில் 15 இடங்கள், நாடாளுமன்றத்தில் இரண்டு! அந்த இரண்டில் ஒன்று திருவண்ணாமலை, வென்றவர் இரா. தர்மலிங்கம். சட்டமன்றத்துக்குச் சென்றவர் ப. உ. சண்முகம்.

அன்று வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். பெட்டி மாறினால் வாக்கும் மாறும்! ஏடறியா ஏழைக்குச் சின்னத்தை எங்கே காட்டுவது? பத்து ஊரார் கூடும் சந்தையைவிடச் சிறந்த மேடை ஏது?

1962இல் சண்முகம் தோற்றார். 1963 இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். தோல்விக்குப் பிறகும் மக்களை விட்டு விலகாதவனுக்கே மறுவாய்ப்பு!

இன்று சந்தைக்குச் செல்லும் தொண்டனே, கேள்! கீரைக் கூடையை மறைத்துக் கொடி பிடிக்காதே. அந்தக் கூடைதான் அவள் வீட்டு அடுப்பை எரிக்கிறது. பேரம் முடியட்டும், பிறகு பேசு. வாக்குக்குப் பணம் நீட்டாதே. அது குற்றம், அவளுக்கு இழிவு. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரம் பிரச்சாரம் ஓய வேண்டும்; சாவடிக்கு 100 மீட்டருக்குள் ஆதரவு கேட்கலாகாது.

தேர்தல் முடிந்த மறுவாரமும் சந்தைக்குப் போ! குத்தகைக்காரர் கூடுதல் சுங்கம் கேட்டால், "ரசீது எங்கே?" என்று அவளுக்காகக் கேள். அடுத்த தேர்தலுக்கு அதுவே நம் முதல் பிரச்சாரம்!