எல்லை தாண்டி வாங்கிய செல்லிடப்பேசி: குறை வந்தால் யாரிடம் முறையிடுவது?

புதுதில்லி: பாதுகாப்புக் குறைபாடு காரணமாக ஒரு நிறுவனம் தனது செல்லிடப்பேசியையோ அதன் பேட்டரியையோ திரும்பப் பெறுவதாக அறிவித்தால், அந்நிறுவனத்தின் பெயர் மீது மக்கள் கொண்ட நம்பிக்கை எத்தனை நாள் நிற்கும்? சென்னையிலோ கொச்சியிலோ இருப்பவர் மறுநாள் காலை சேவை மையத்துக்குச் சென்று விசாரித்துவிடலாம். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளில் வாழ்வோருக்கு அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. பொருளை வாங்கியது ஒரு மாநிலம். வசிப்பது வேறு மாநிலம். முறையீட்டை எங்கே கொடுப்பது?

வாளையார், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் மக்களுக்குக் கோவையும் பொள்ளாச்சியும்தான் பெரிய கடைவீதி. குமுளிவாசிகள் கம்பத்துக்கு இறங்குகின்றனர். பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்குப் போடிநாயக்கனூரும், மறையூர், காந்தளூர் விவசாயிகளுக்கு உடுமலைப்பேட்டையும் பக்கம். கல்யாணத் துணியும் மளிகையும் வாங்கும் அதே பயணத்தில் செல்லிடப்பேசியும் வாங்கப்படுகிறது. ரசீதில் தமிழக முகவரி, குடும்ப அட்டையில் கேரள முகவரி. இந்தச் சாதாரண உண்மை 2020-ஆம் ஆண்டு வரை நுகர்வோர் சட்டத்தில் பெரும் இடையூறாக இருந்தது.

சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள்

இந்தியாவில் செல்லிடப்பேசி பேட்டரி குறித்த முதல் பேரச்சம் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி எழுந்தது. பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் அன்று வெளியிட்ட அறிவிப்பில், பிஎல்-5சி என்ற பேட்டரி வகையில் ஒரு பகுதி, மின்னேற்றம் செய்யும்போது மின்கசிவால் அளவுக்கு அதிகமாகச் சூடாகி, கருவியிலிருந்து பிதுங்கி வெளியேறக்கூடும் என்று கூறப்பட்டது. ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் இதில் அடங்கும். உலகம் முழுவதும் சுமார் 100 நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. எவருக்கும் பெருங்காயமோ, பெரிய பொருட்சேதமோ ஏற்பட்டதாகத் தகவல் இல்லை என்றும் நிறுவனம் தெரிவித்தது.

எண்ணிக்கையைப் பார்த்தால் ஆபத்து மிகச் சிறியது. ஆனால் அப்போது இந்தியச் சந்தையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு நோக்கியாவினுடையது. டார்ச் விளக்குடன் வந்த எளிய 1100 முதல், அன்றைய ஸ்மார்ட்போன்களான 6600, என்-70 வரை பல கருவிகளுக்கு உயிர் கொடுத்தது இந்த ஒரே பேட்டரிதான். மின்சாரம் போனால் 1100-இன் டார்ச் வெளிச்சத்தில் வழி தேடிய மலைக் கிராமங்களுக்கு, அது பேசும் கருவி மட்டுமல்ல. இரவில் தலையணை அருகே வைத்துக்கொண்டு தூங்கும் பொருள் வெடிக்கும் என்ற பேச்சு பரவியதும் அச்சம் எழுந்ததில் வியப்பில்லை. வாடிக்கையாளர்கள் சேவை மையங்களை நோக்கி விரைந்தனர்.

நோக்கியா இதனை 'திரும்பப் பெறுதல்' என்று அழைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 'ஆலோசனை அறிவிப்பு' என்றே அது குறிப்பிட்டது. பேட்டரியின் பின்புறம் அச்சிடப்பட்ட 26 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்துக் கொள்ளலாம்; பாதிக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்ததாக இருந்தால் புதிய பேட்டரி இலவசம் என்பது ஏற்பாடு. சொல்லை மென்மையாக்கியது வணிகத் தந்திரம் என்று விமர்சிக்க இடமுண்டு. எனினும், தன் கையில் உள்ள பொருள் ஆபத்தானதா, இல்லையா என்பதை ஒவ்வொருவரும் தாமே அறிந்துகொள்ள வழி வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியைக் கழற்றி மாற்றும் வசதி அக்காலக் கருவிகளில் இருந்ததால் செல்லிடப்பேசியை ஒப்படைத்துவிட்டுக் கையைப் பிசைய வேண்டிய நிலையும் இல்லை.

நம்பிக்கை குலையவில்லை என்பதற்குப் பின்னர் நடந்தவையே சான்று. அந்த அறிவிப்புக்குப் பிறகும் சில ஆண்டுகள் நோக்கியாவே இந்தியச் சந்தையில் முதலிடத்தில் இருந்தது. 2006-இல் உற்பத்தி தொடங்கிய அதன் ஸ்ரீபெரும்புதூர் ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டதற்குப் பேட்டரி காரணமல்ல. ஆண்ட்ராய்டு அலையில் பின்தங்கியதும், செல்லிடப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது வரி வழக்கால் ஆலை அந்த விற்பனையில் சேர முடியாமல் போனதும்தான் காரணங்கள்.

இரண்டாம் முறை தவறியபோது

இதற்கு நேர்மாறான அனுபவம் தென் கொரியாவின் சாம்சங் நிறுவனத்துக்கு 2016-இல் கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அறிமுகமான கேலக்ஸி நோட்-7 கருவிகள் தீப்பற்றுவதாகப் புகார்கள் வந்ததும், செப்டம்பர் 2-ஆம் தேதி 25 லட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. பலரும் அதைப் பாராட்டினர். சிக்கல் அதன் பிறகே வந்தது. பாதுகாப்பானது என்று கூறி மாற்றித் தரப்பட்ட கருவியே, அக்டோபர் 5-ஆம் தேதி அமெரிக்காவில் புறப்படத் தயாராக இருந்த விமானம் ஒன்றினுள் புகையத் தொடங்கியது. அடுத்த வாரமே நோட்-7 உற்பத்தி நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் நோட்-7 விற்பனைக்கு வரவேயில்லை. ஆயினும் பாதிப்பு இங்கும் எட்டியது. செப்டம்பர் 9-ஆம் தேதி சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அந்தக் கருவியை விமானத்தில் இயக்கவோ மின்னேற்றம் செய்யவோ கூடாது என அறிவுறுத்தியது. இரு வாரம் கழித்து, செப்டம்பர் 23-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில் பயணி ஒருவரின் பையிலிருந்து புகை வந்தது. உள்ளே இருந்தது அதே நிறுவனத்தின் பழைய நோட்-2 கருவி. விமானப் பணியாளர்கள் தீயணைப்பானைப் பயன்படுத்திக் கட்டுப்படுத்தினர். நோட்-7-க்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், விமானத்தில் செல்வோர் மனதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உறவினர்களைக் கொண்ட பாலக்காட்டுக் குடும்பங்கள் பல, கோவை விமான நிலையத்தைப் பயன்படுத்துபவை. அங்கிருந்து அன்பளிப்பாக வரும் கருவிகளுக்கு இந்திய உத்தரவாதம் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

சாம்சங் 2017 ஜனவரி 23-ஆம் தேதி தனது ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. 700 ஆய்வாளர்கள், 2 லட்சம் கருவிகளையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் சோதித்ததாகக் கூறியது. முதலில் பொருத்திய பேட்டரியில் ஒரு குறை, மாற்றாகத் தந்த வேறு நிறுவன பேட்டரியில் இன்னொரு குறை என்று அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. எட்டு கட்டச் சோதனை முறையும் அறிமுகமானது. வாடிக்கையாளர் மன்னிக்கத் தயங்கியது முதல் தவறை அல்ல. சரிசெய்துவிட்டோம் என்று கூறியபின் நேர்ந்த இரண்டாவது தவறைத்தான். அந்தத் தயக்கத்தைக் குறைக்க, காரணத்தை மறைக்காமல் சொன்ன அறிக்கை உதவியது என்றே கருத வேண்டியுள்ளது.

சட்டம் கண்ட எல்லைக்கோடு

எல்லைவாசியின் கேள்விக்கு மீண்டும் வருவோம். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்த்தரப்பினர் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் அளிக்க முடியும். கம்பத்தில் வாங்கிய செல்லிடப்பேசிக்குத் தேனி மாவட்டத்திலும், கோவையில் வாங்கியதற்குக் கோவையிலும் வழக்காட வேண்டும். நிறுவனத்தின் கிளை நம் ஊரில் இருக்கிறதே என்று வாதிடவும் வழியில்லாமல் போயிற்று. அம்பாலா கிடங்கில் ஏற்பட்ட தீ விபத்துக்கான காப்பீட்டுத் தொகை கேட்டு சண்டீகரில் தொடுக்கப்பட்ட சோனிக் சர்ஜிகல் வழக்கில், கிளை அலுவலகம் இருப்பது மட்டும் போதாது, வழக்குக் காரணம் எழுந்த இடமாகவும் அது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

சில ஆயிரம் ரூபாய் கருவிக்காகத் தோட்டக் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி, அடுத்த மாநிலத்தில் வாய்தா வாய்தாவாக அலைய எவர் முன்வருவார்? பலர் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவதே நடைமுறையாயிற்று.

இந்நிலையை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. 2020 ஜூலை 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது. அதாவது, கோவையில் வாங்கியவர் பாலக்காட்டிலும், போடியில் வாங்கியவர் இடுக்கியிலும் புகார் கொடுக்கலாம். பொருளுக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் ஏதுமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். இடுக்கி மாவட்டத் தலைநகரான பைனாவுக்கு மூணாறிலிருந்து மலைப்பாதையில் போய்த் திரும்ப ஒரு நாள் கழியும் என்பது வேறு விஷயம். அதற்கு மாற்றாக இணையவழியில் புகார் பதிவு செய்யும் வசதி 2020-இல் இ-தாக்கில் என்ற பெயரில் வந்தது. 2025 முதல் அது இ-ஜாக்ரிதி தளமாகியுள்ளது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ தமிழ், மலையாளம் உள்பட 17 மொழிகளில் பயன்படுத்தலாம்.

எல்லை வணிகத்தில் சகஜமான ஒரு வழக்கம் இந்த உரிமைகளை எல்லாம் பயனற்றதாக்கிவிடும். ரசீது வேண்டாம் என்றால் விலையில் சிறிது குறைத்துத் தருவதாகக் கூறும் வழக்கம்தான் அது. ரசீது தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று புதிய சட்டம் தெளிவாகவே வரையறுத்துள்ளது. ஆனால் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வாங்குபவரே அதை வேண்டாம் என்று விட்டுவிட்டால், பின்னர் வாங்கியதையே நிரூபிப்பது கடினம்.

போலி பேட்டரிக்கு யார் பொறுப்பு?

நோக்கியா விவகாரத்தின்போதே வெளிப்பட்ட இன்னொரு சிக்கல் போலி பேட்டரிகள். அசலுக்கு முப்பரிமாண ஒளிப்பட முத்திரை இருந்தும், பாதி விலைக்குக் கிடைத்த போலிகள் எங்கும் பரவியிருந்தன. நிறுவனம் கேட்ட அடையாள எண் போலியில் இருந்தாலும் அதற்குப் பொருளில்லை. இலவச மாற்றும் கிடையாது. இன்று பிஎல்-5சி அளவிலான பேட்டரிகள் மலிவு விலை வானொலிப் பெட்டிகளிலும் கைவிளக்குகளிலும் ஒலிபெருக்கிகளிலும் உலா வருகின்றன. தயாரித்தவர் யாரென்றே தெரியாதவை அவற்றில் ஏராளம்.

இத்தகைய நிலையில் விற்ற கடைக்காரரே பொறுப்பேற்க வேண்டும் என்று 2019 சட்டம் கூறுவது பலருக்குத் தெரியாது. தயாரிப்பாளர் யார் என்று தெரியாவிட்டாலும், தெரிந்தும் அவருக்கு அழைப்பாணை சேர்ப்பிக்க இயலாவிட்டாலும், பொருளால் நேர்ந்த தீங்குக்கு விற்பனையாளரிடம் இழப்பீடு கோரலாம். போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளரும் இதே சட்டப்படி பொறுப்பாளியாவார்.

முன்னெச்சரிக்கைக்கும் வழி உண்டு. மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு என்ற ஆணை 2012-இல் பிறப்பிக்கப்பட்டது; செல்லிடப்பேசிகளும் பவர்பேங்குகளும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டன. பதிவு பெற்ற பொருளில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையுடன் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அமைவனத்தின் செயலியில் அந்த எண்ணை உள்ளிட்டால் அது உண்மையா என்று பார்த்துவிடலாம்.

அறிவிப்பு கைக்கு எட்டுமா?

ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரம், 2020 ஜூலையில் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. தரமுத்திரை இல்லாத பிரஷர் குக்கர்கள் விஷயத்தில் 2022-இல் அது இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது. அமேசான் தளம் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும், ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தருமாறு உத்தரவிட்டது. அமேசான் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, வாங்கிய அனைவருக்கும் தகவல் தெரிவிக்குமாறு நீதிமன்றம் பணித்தது.

வாங்கிய ஒவ்வொருவரின் முகவரியும் இணைய வணிக நிறுவனத்திடம் இருந்ததால்தான் அப்படிப் பணிக்க முடிந்தது. கம்பம் கடைவீதியில் ரொக்கம் கொடுத்து வாங்கிய செல்லிடப்பேசியின் உரிமையாளர் குமுளியில் இருக்கிறாரா, வட்டவடையில் இருக்கிறாரா என்பது எவருக்குத் தெரியும்? இன்றைய கருவிகளில் பேட்டரியைக் கழற்றவும் முடியாது. திரும்பப் பெறுதல் என்றால் படங்கள், வங்கிச் செயலி, தொடர்பு எண்கள் அடங்கிய முழுக் கருவியையும் ஒப்படைப்பதாகும். 2007-ஐ விட இன்றைக்குத் தயக்கம் கூடுதலாகவே இருக்கும்.

ஒவ்வொரு கருவிக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உள்ளது. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தெரியும். நோட்-7 விவகாரத்தில் பாதிக்கப்பட்ட கருவியா என்பதை இந்த எண்ணைக் கொண்டே பார்க்க சாம்சங் வழிசெய்திருந்தது. மத்திய தொலைத்தொடர்புத் துறையும் இதே எண்ணைக் குறுஞ்செய்தியாக 14422-க்கு அனுப்பி, கருவி முறையானதா என அறியும் வசதியை அளித்து வருகிறது. அந்தப் பதிலிலேயே, பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்படும் கருவியா என்ற தகவலையும் சேர்ப்பது தொழில்நுட்பரீதியில் பெரிய காரியமல்ல. நுகர்வோர் விவகார அமைச்சகமும் தொலைத்தொடர்புத் துறையும் இணைந்து முடிவெடுத்தால் போதும். பதில் தமிழிலும் மலையாளத்திலும் வருமானால், சாந்தன்பாறைத் தோட்டக் குடியிருப்பில் இருப்பவர் போடிக்கு மலையிறங்காமலேயே தன் கையில் உள்ள கருவியைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியும்.